வால்பேப்பர்: ஒட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகளும் ஒட்டிய பின் கேட்டு வருந்தும் கேள்விகளும்

வால்பேப்பர் ஒட்டலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் டிசைனில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் சுவரைப் பாழாக்கினேன், இரண்டாவதை ஆள் வைத்துச் செய்தேன், மூன்றாவதை மறுபடி நானே ஒட்டி ஒருவழியாகத் தேறினேன். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்களே, அது இந்த வேலைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். அதனால் கீழே உள்ள பதில்களில் தாளைவிடச் சுவரைப் பற்றித்தான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் இருக்கும்போது வால்பேப்பர் எதற்கு?

பெயின்ட் நிறத்தைத் தரும், வால்பேப்பர் நிறத்தோடு டிசைனையும் தொட்டால் தெரியும் சொரசொரப்பையும் தரும். அவ்வளவுதான் வித்தியாசம். நீண்ட நாள் உழைப்பதும் அதற்கு ஒரு காரணம்தான், ஆனால் அது சுவரையும் ஒட்டிய விதத்தையும் பொறுத்தது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பெயின்ட் அழுக்கானால் மேலே இன்னொரு கோட் அடித்துவிடலாம், வால்பேப்பர் நடுவில் கிழிந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக ஒட்டிய அந்தப் பட்டையையே மாற்ற வேண்டும்.

நான்கு சுவரிலும் ஒட்டலாமா, ஒன்றில் மட்டும் போதுமா?

சின்ன, அடக்கமான டிசைன் என்றால் நான்கு சுவரும் தாங்கும். பெரிய பூ, பெரிய இலை, அழுத்தமான கோடுகள் இதெல்லாம் ஒரு சுவரோடு நிற்பது நல்லது. அந்த ஒரு சுவர் எது என்றால், வாசலில் நின்று அறைக்குள் பார்க்கும்போது கண் முதலில் போய் நிற்கும் சுவர். ஜன்னலும் கதவும் அலமாரியும் பாதியைப் பிடித்துக்கொண்ட சுவரில் ஒட்டினால் டிசைன் துண்டு துண்டாகத் தெரியும், வெட்டுகிற வேலையும் அதிகம்.

படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவர் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். உள்ளே நுழையும்போது கண்ணில் படும், படுத்தபின் படாது, அதனால் எவ்வளவு தைரியமான டிசைன் போட்டாலும் தூக்கத்துக்குத் தொல்லை இல்லை. டிவிக்குப் பின்னால் மட்டும் பளபளப்பான தாளோ நெருக்கமான டிசைனோ வேண்டாம், அரை மணி நேரத்தில் கண் வலிக்கும்.

செங்கல், கருங்கல், மரப்பலகை போலத் தெரியும் தாள்களைப் பற்றி என் சொந்தக் கருத்து: தூரத்தில் அழகு, ஆனால் ஒரு மூலை உடைந்த ஒரு செங்கலை ஒருமுறை கவனித்துவிட்டீர்கள் என்றால், அதே செங்கல் அதே உடைந்த மூலையோடு ஒவ்வொரு பட்டையிலும் திரும்பி வருவது அப்புறம் உங்கள் கண்ணை விட்டுப் போகவே போகாது.

கடையில் காகிதம், வினைல், நான்-வோவன் என்று அடுக்குகிறார்களே, எதை வாங்குவது?

முதல்முறை நீங்களே ஒட்டப்போகிறீர்கள் என்றால் நான்-வோவன். யோசிக்கவே வேண்டாம். அது நெய்த துணியும் இல்லை, சாதாரணக் காகிதமும் இல்லை. காகித நாரும் செயற்கை நாரும் சேர்த்து அழுத்திச் செய்த தாள். ஈரம் பட்டால் விரியாது, அதனால் பசையைச் சுவரில் தடவித் தாளை உலர்ந்தபடியே மேலே ஒட்டலாம். பிற்பாடு வேண்டாம் என்றால் முழுப் பட்டையாக உரித்தும் எடுக்கலாம்.

சாதாரணக் காகிதம் ஈரத்தில் சில மில்லிமீட்டர் விரியும், காயும்போது சுருங்கும். அதனால்தான் பசை தடவியபின் மடித்துச் சில நிமிடம் ஊறவிட்டு ஒட்டச் சொல்வார்கள். எல்லாப் பட்டையும் ஒரே அளவு நேரம் ஊறவில்லை என்றால் இணைப்புகள் வாய் பிளக்கும். வினைல் என்பது காகிதத்தின் மேலோ நான்-வோவன் மேலோ பிளாஸ்டிக் படலம் ஏற்றியது. துடைக்கலாம், அழுக்கு ஏறாது, ஆனால் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குக் கீழே மறுபடி வருகிறேன். புல்நார் ஒட்டிய தாள், துணித்தாள் இவையெல்லாம் பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் மேலே ஒரு சொட்டுப் பசை பட்டாலும் கறைதான், அவற்றைத் தேர்ந்த கைகளிடம் விட்டுவிடுங்கள்.

சுவரில் கொஞ்சம் ஓதம் இருக்கிறது. வால்பேப்பர் போட்டு மறைத்துவிடலாமா?

கூடாது. என் முதல் சுவர் பாழானது இதனால்தான். கையகலக் கறைதானே என்று மேலே ஒட்டினேன், கடைக்காரரும் ஒன்றும் ஆகாது என்றார், ஐந்தாறு மாதத்தில் இணைப்புகள் விட்டு, ஓரம் சுருண்டு, கிட்டப்போனால் ஈரத்துணி வாடை. உரித்துப் பார்த்தால் கையகலக் கறை கதவகலம் ஆகியிருந்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. சந்தேகப்படும் இடத்தில் ஒரு முழ பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது: குழாய்க் கசிவோ, மழைநீரோ, தரையிலிருந்து ஏறுவதோ. அதைச் சரி செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். துளி அறைப் பக்கம் இருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம் அதிகம், காற்றோட்டத்தைப் பாருங்கள். அப்புறம், சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம், சுவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டது. புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரும் இதே கணக்கில்தான் சேரும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரமும் காரத்தன்மையும் இருக்கும், பசையையும் நிறத்தையும் இரண்டும் கெடுக்கும்.

ஏசி போடும் அறையில் வினைல் ஒட்டலாமா?

வெளியே புழுக்கம், உள்ளே நாள் முழுக்க ஏசி என்றால், வெளிப்புறச் சுவரில் வினைல் ஒட்டுவதை நான் தவிர்ப்பேன். வெளிக்காற்றின் ஈரம் சுவர் வழியாக மெல்ல மெல்ல குளிர்ந்த உட்பக்கம் நோக்கி நகரும். சாதாரண பெயின்ட் அடித்த சுவர் என்றால் அது அறைக்குள் வந்து காய்ந்துவிடும். வினைல் ஒட்டியிருந்தால் வழி அடைபட்டு, குளிர்ந்த தாளின் முதுகில் நீராகப் படியும். இருட்டு, ஈரம், தின்பதற்குப் பசை என்று பூஞ்சைக்கு வேண்டிய எல்லாமே அங்கே தயார். மேலே தாள் புதுசு போலவே இருக்கும், நாளாக ஆக இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ திட்டுத் திட்டாகக் கறை தெரியும்போதுதான் விஷயம் புரியும், அதற்குள் பின்பக்கம் கறுத்திருக்கும். இரண்டு அறைகளுக்கு நடுவில் இருக்கும் உட்சுவர் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. வெளிச்சுவரில்தான் வேண்டும் என்றால் மேலே பிளாஸ்டிக் பூச்சு இல்லாத, காற்றுப் போகும் தாளைத் தேடுங்கள்.

சுவரைத் தயார் செய்ய என்னென்ன செய்ய வேண்டும்?

உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டெம்பர்; வால்பேப்பர் அந்தப் பொடியில்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது. அதைச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்தே ஆக வேண்டும். ஆணி ஓட்டை, விரிசல் எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிறகு பிரைமர். பிரைமரைப் பலர் வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். பட்டி பார்த்த சுவர் பசையின் நீரை உறிஞ்சித் தள்ளும், பட்டையை நகர்த்திச் சரிசெய்வதற்குள் அது பிடித்துக்கொள்ளும். தவிர, பிரைமர் இருந்தால்தான் பிற்பாடு உரிக்கும்போது தாளோடு சுவரும் வராது. பளபளப்பான எனாமல் சுவர் என்றால் முதலில் உப்புத்தாள் போட்டு மினுமினுப்பைப் போக்குங்கள்.

தாள் மெல்லியதும் பளபளப்பானதுமாக இருந்தால் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில் இன்னும் மோசம். மங்கலான, கொஞ்சம் தடித்த, சொரசொரப்பான தாள் பல குறைகளை மறைத்துவிடும்.

எத்தனை ரோல் வாங்குவது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

சதுர அடியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பட்டையை எண்ணுங்கள். அதிகம் கிடைக்கும் ஐரோப்பிய அளவு ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம், ஏறத்தாழ 5.3 சதுர மீட்டர். உங்கள் சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 3.66 மீட்டருக்கு 3.05 மீட்டர். பரப்பு சுமார் 11.2 சதுர மீட்டர். 5.3 ஆல் வகுத்தால் 2.1. இரண்டு ரோலில் சமாளித்துவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்.

இப்போது பட்டையாக எண்ணுங்கள். 3.66 மீட்டர் அகலத்துக்கு 53 செ.மீ. பட்டைகள் 7 வேண்டும். ஒவ்வொன்றும் 3.05 மீட்டர், மேலும் கீழும் வெட்டிச் சீராக்க 10 செ.மீ. சேர்த்தால் 3.15. டிசைன் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்றால், பக்கத்துப் பட்டையோடு பொருந்த ஒவ்வொரு பட்டையையும் 64இன் மடங்காக வெட்ட வேண்டும், அதாவது 3.20 மீட்டர். ஒரு ரோலில் அப்படி 3 பட்டைதான் வரும். இரண்டு ரோலில் 6. கடைசிப் பட்டைக்குத் தாள் இல்லை! ஆக மூன்று ரோல்.

இன்னும் வேடிக்கை, அதே சுவர் 15 செ.மீ. மட்டும் உயரமாக இருந்திருந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் 3.84 மீட்டர் போகும், ரோலுக்கு 2 பட்டைதான் தேறும், 4 ரோல் ஆகிவிடும். டிசைன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வீண். டிசைன் பொருத்தமே தேவைப்படாத தாள் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. பக்கத்துப் பட்டையில் டிசைன் பாதி அளவு கீழே இறங்கிப் பொருந்தும் தாள்கள் வேறு உண்டு, அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கொரிய ரோல்கள் இதைவிட இரு மடங்கு அகலம், நீளமும் அதிகம், அதனால் ரோல் என்ற சொல்லை நம்பி வாங்காமல் சீட்டில் இருக்கும் அளவைப் படியுங்கள்.

எல்லா ரோலிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே டிசைன், ஒரே நிற எண் என்றாலும் வேறு நாள் அச்சடித்தது என்றால் நிறம் இம்மியளவு மாறும். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஒன்று குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது இதில் நடக்காது.

சாம்பிளில் நன்றாக இருந்தது, சுவரில் வேறு மாதிரி இருக்கிறதே?

ஒரு சாண் சாம்பிள் எப்போதுமே ஏமாற்றும். சின்னத் துண்டில் சாதுவாகத் தெரியும் நிறம் சுவர் முழுக்கப் பரவும்போது அழுத்தமாகிவிடும். முடிந்தால் ஒரு முழப் பட்டையாவது வாங்கி, ஒட்டப்போகும் அதே சுவரில் டேப் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள். காலையில் பாருங்கள், இரவில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பின் கீழே நீலச் சாம்பல் நிறம் அழுக்காகத் தெரியும்; 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழே சந்தன நிறம் உயிரே இல்லாமல் போகும். தாளை மாற்றுவதைவிடச் சில நேரம் பல்பை மாற்றுவது சுலபம்.

நாங்கள் எடுத்த படத்தையே சுவர் அளவு அச்சடித்து ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் கணக்கு இதுதான். 4000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள செல்போன் படத்தை 12 அடிச் சுவருக்கு, அதாவது 144 அங்குலத்துக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 28 புள்ளிகூட வராது. கிட்டே நின்றால் கலங்கலாகத்தான் தெரியும். அங்குலத்துக்கு 100 இருந்தால் சில அடி தள்ளி நின்று பார்க்கத் தெளிவாக இருக்கும். புள்ளிகளாக இல்லாமல் கணினியில் கோடுகளாகவே வரைந்த வெக்டர் படங்களை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். அருவி, காடு, சூரிய அஸ்தமனம் போன்ற படங்கள் சீக்கிரம் அலுத்துவிடும் என்பது என் அனுபவம். குடும்பப் படத்தைச் சுவர் முழுக்கப் போடுவது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஆள் வைக்காமல் நானே ஒட்ட முடியுமா?

ஜன்னல் இல்லாத ஒரு தட்டைச் சுவர், நான்-வோவன் தாள், கூட ஒரு ஆள். இவை மூன்றும் இருந்தால் தாராளமாக முடியும். முதல் பட்டைதான் எல்லாம். அறையின் மூலை நேராக இருக்கும் என்று நம்பி அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நேரான மூலை அபூர்வம். தூக்குக்குண்டு கட்டியோ ரசமட்டம் வைத்தோ பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதோடு முதல் பட்டையைப் பொருத்துங்கள். அது அரை விரல் சாய்ந்தால் ஏழாவது பட்டையில் டிசைன் கூரையை விட்டு ஓடிக்கொண்டிருக்கும். சுவரே கோணலாக இருந்தால் கோடு போட்ட, கட்டம் போட்ட தாள்களை வாங்காதீர்கள், அவை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பசையைப் பட்டை அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தடவி, மேலிருந்து கீழே, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று நீவுங்கள். இணைப்பில் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, தொட்டு நின்றால் போதும். பிதுங்கி வரும் பசையை உடனே ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், காய்ந்தால் பளபளவென்று நிற்கும். உள்மூலையில் முழுப் பட்டையை மடித்து அடுத்த சுவருக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓர் அங்குலம் மட்டும் திருப்பி வெட்டி, அடுத்த சுவரில் மறுபடி புதிதாகச் செங்குத்துக் கோடு போட்டு ஆரம்பியுங்கள். பிளேடைக் கஞ்சத்தனமாக வைத்துக்கொள்ளாதீர்கள், ஈரத்தாளை மழுங்கின பிளேடு வெட்டாது, கிழிக்கும்.

ஸ்விட்ச் போர்டு வரும் இடத்தில் முதலில் மெயினை அணையுங்கள். மூடியைக் கழற்றி, தாளை மேலே விட்டு, பெருக்கல் குறி போல வெட்டி, ஓரங்களை மூடிக்குள் போகுமளவு மட்டும் விட்டு நறுக்குங்கள். உலோகப் படலம் பூசிய தாள் என்றால் மூடிக்குள் நுழைக்கவே கூடாது, அதில் மின்சாரம் பாயும்; மூடியின் ஓரத்தோடு வெட்டி நிறுத்துங்கள்.

ஒட்டி முடித்ததும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் காயவைக்கும் ஆசை வரும், வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் இணைப்புகள் பிரியும்.

நடுவில் குமிழி வந்துவிட்டது, என்ன செய்ய?

ஒரு நாள் பொறுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் காயும்போது தாமாகவே அமுங்கிவிடும். அதற்குமேலும் நின்றால் மருந்தூசியில் பசை ஏற்றி உள்ளே செலுத்தி, ஈரத்துணியால் அழுத்திவிடுங்கள். எல்லோரும் உட்கார்ந்து டப் டப்பென்று உடைக்கும் குமிழிப் பொதியுறைக்கும் (பபிள் ராப்) வால்பேப்பருக்கும் ஒரு சொந்தம் உண்டு: 1957இல் இரண்டு பொறியாளர்கள் இரண்டு குளியலறைத் திரைகளைச் சேர்த்து ஒட்டி, குமிழி குமிழியான வால்பேப்பர் செய்யப் பார்த்தார்கள். சுவருக்கு யாரும் வாங்கவில்லை, பொருட்களைச் சுற்றி அனுப்ப உலகமே வாங்கிக்கொண்டது.

வாடகை வீட்டுக்கு ஸ்டிக்கர் வகை சரிப்படுமா?

வழவழப்பான, நன்றாகக் காய்ந்த எமல்ஷன் சுவரில் சரிப்படும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் மூன்று நான்கு வாரமாவது விடுங்கள், இல்லையென்றால் உரிக்கும்போது பெயின்ட் பாளம் பாளமாக வரும். சொரசொரப்பான சுவரில் பாதிதான் ஒட்டும். அழுக்கு ஒட்டாத ரகம் என்று விற்கும் பெயின்ட் மேலே ஸ்டிக்கரும் ஒட்டாது. முதலில் அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டை ஒட்டி, ஒரு வாரம் கழித்து உரித்துப் பாருங்கள். அப்புறம் வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தாலும் தப்பில்லை.

சமையலறை, குளியலறையில்?

அடுப்புக்கு மேலும் ஷவருக்கு அருகிலும் கூடாது. சாப்பாட்டு மேசைப் பக்கம் வினைல் ஒட்டலாம்.

குழந்தைகள் கிறுக்கினால் துடைக்க முடியுமா?

ரோல் சீட்டில் அலை போல நெளிகோடு போட்டிருக்கும். ஓர் அலை என்றால் ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றலாம். மூன்று அலை என்றால் சோப்பு நீர் போட்டு நன்றாகவே கழுவலாம். கூடவே பிரஷ் படமும் இருந்தால் தேய்க்கலாம். அலையே இல்லை என்றால் உலர்ந்த துணியால் தூசி தட்டுவதோடு சரி. சூரியன் படம் வெயிலில் நிறம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும். இந்த விவரமெல்லாம் அந்தச் சீட்டில் இருந்தும் அதை முதலில் கிழித்துப் போடுகிறோம்.

வால்பேப்பர் உடம்புக்குக் கெடுதலா?

ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது. 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பச்சை நிறமியில் ஆர்சனிக் இருந்தது, 19ஆம் நூற்றாண்டு வால்பேப்பர்களில் அந்த வகைப் பச்சைகள் ஏராளம். ஈரச் சுவரில் வளரும் பூஞ்சை அந்த நிறமியிலிருந்து நச்சு வாயுவைக் கிளப்பும் என்பதை 1890களில் இத்தாலிய மருத்துவர் கோசியோ சோதனையில் காட்டினார். அங்கேயும் சுவர் ஈரம்தான் கதையின் பாதி, பாருங்கள்.

இன்றைய தாளில் அந்த நிறமி இல்லை. புது வினைலில் சில நாள் வாடை வரும், ஜன்னலைத் திறந்து விட்டால் குறையும். குழந்தை அறைக்கு, ஆஸ்துமா உள்ளவர் அறைக்கு வினைல் பூச்சு இல்லாத தாள் வாங்குவேன். பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டால்தான் இன்று உண்மையான பயம். அந்தத் தாளைக் காயவைத்துக் காப்பாற்றப் பார்க்காமல் உரித்து எறியுங்கள்.

பழைய வால்பேப்பர் மேலேயே புதிதை ஒட்டலாமா?

வேண்டாம். புதுப் பசையின் ஈரம் பழைய பசையை இளக்கும், இரண்டும் சேர்ந்து வரும். நான்-வோவன் என்றால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தால் போதும். வினைல் என்றால் மேல்படலம் முதலில் உரியும், அடியில் நிற்கும் காகிதத்தை வெந்நீரால் நனைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மொட்டைக் கரண்டியால் சுரண்டுங்கள். அவசரப்பட்டுக் காய்ந்த காகிதத்தைச் சுரண்டினால் பட்டி பெயர்ந்து வரும். கடைசியில் மிச்சப் பசையைக் கழுவிவிடுங்கள், அதன்மேல் பெயின்ட் அடித்தால் வெடிக்கும்.

மிச்சத் தாளை என்ன செய்வது?

பேட்ச் சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கிழிசலுக்கு ஒட்டுப்போடும்போது துண்டைப் பிளேடால் வெட்டாமல் கையால் கிழித்து ஒட்டினால் ஓரம் அவ்வளவாகத் தெரியாது. காகிதத்தில் இது நன்றாக வரும், வினைலில் வராது. ரோலைப் படுக்கவைத்தே வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஓரம் நசுங்கும், நசுங்கிய ஓரம் ஒட்டும்போது இணைப்பில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.